உதட்டைப் பார்

பழவேற்காடு
18-6-1966

அன்புத் தம்பி அமானுல்லாவுக்கு,

அக்கா ஆபிதாவின் ஸலாமும் துஆவும். அல்லாஹ் கிருபையில் நானும் மச்சானும் சுகம். நீயும் பிள்ளை ஹபீபும் சுகம் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் குறைந்தா போவாய்? கார்டு விற்கிற கடைகூடவா திருவள்ளூர் மணவாள நகரில் இல்லை?

நீ ஹபிபுல்லாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியதிலிருந்து வீடு சத்தமற்றுக் கிடக்கிறது. காதும் கேட்காமல் பேச்சும் வராத பிள்ளை போனதற்கா இப்படி என்று மச்சான் கேட்கிறார். அவருக்கென்ன தெரியும்? அவர் கருவாட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் நானும் ஹபீபும் ஒரு நாள் பேச்சைப் பேசி முடித்திருப்போம். அந்த விஷக்காய்ச்சல் உன் பத்ருன்னிசாவைக் கொண்டுபோனபோது அவனுக்கு இரண்டு வயது. தாயோடு சேர்த்து அவன் காதையும் அது கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு இந்தக் குப்பியின் இடுப்பில் ஏறியவன், ஏழு வயதுவரை இறங்கவே இல்லை.

நீ பெற்றவன். நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது என்று கூட்டிப்போனாய். நான் தடுக்கவில்லை. ஆனால் அவன் கையைப் படிக்க உனக்குத் தெரியாதே, அதனால் எழுதுகிறேன். கன்னத்தில் இரண்டு விரலால் தட்டினால் பால் வேண்டும். முழங்கையை வளைத்து ஒற்றைக் காலில் நின்றால் ஏரிக்குப் பூநாரை வந்துவிட்டது. தலைமேல் கை வைத்து இடுப்பை ஆட்டினால் மீன்காரி முத்தம்மா. பொய் சொல்லிவிட்டுத் தன் காதைத் தானே திருகிக்கொள்வான், பிறகு நாம் திருகத் தேவையில்லை.

உனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறான். உள்ளங்கையை விரித்து 'போய் வருகிறேன்' என்று ஆட்டுவதுதான் அது. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறவன் இல்லையா நீ? கோபித்துக்கொள்ளாதே. இனிமேல் கூடவே இருக்கப்போகிறாய், வேறு பெயர் வைப்பான்.

ராத்திரி அவனுக்குப் போர்வை வேண்டும்.

துஆவுடன்,
ஆபிதா

*

மணவாள நகர்
10-7-1966

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் இருவரும் நலம். மச்சானின் இருமல் எப்படி? கார்டுக் கடை இருக்கிறது. திருப்பாச்சூர்ப் பக்கத்துப் பள்ளியில் நாள் முழுவதும் கணக்குப் போட்டுவிட்டுச் சைக்கிள் மிதித்து வந்து சோறு பொங்குகிறவனுக்கு எழுத நேரம்தான் இல்லை.

ஹபீபின் பள்ளி அடுத்த தெருவிலேயே இருக்கிறது. சின்ன ஓட்டுக் கட்டடம்தான், ஆனால் உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பார்த்தால் வாயைப் பிளப்பாய். மேஜை நடுவில் ரேடியோ போல ஒரு பெட்டி. அதிலிருந்து ஒயர்கள் போய் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் ஹெட்போன். ஆசிரியர் மைக்கில் பேசினால் சத்தம் பல மடங்கு பெருகிக் காதுக்குள் போகும். முதல் நாள் அதை மாட்டியதும் ஹபீப் திடுக்கிட்டு என் மடியில் ஏறிக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சத்தம் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தலைமையாசிரியர் துளசிராமன் பம்பாயில் பயிற்சி பெற்றவர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று வழிகளில் கற்பிக்கிறார்களாம். கைச்சாடை மட்டும். கையும் வாயும் சேர்த்து. மூன்றாவது, இயந்திரத்தின் துணையோடு வாய் மட்டும். முதல் வழியில் படித்த பிள்ளைகள் கடைசிவரை ஊமையாகவே இருந்துவிடுகிறார்கள். இரண்டாவதில் சுலபமான கையைப் பிடித்துக்கொண்டு வாயை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு நம்மைப் போலப் பேசுகிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டினார். நான் கணக்கு வாத்தியார். காரணம் சொன்னால் ஒப்புக்கொள்கிறவன்.

அதனால் நீ எழுதிய சாடைகளை நான் கற்றுக்கொள்ளப்போவதில்லை. வருத்தப்படாதே. வீட்டிலும் கை ஆடக்கூடாது என்பது பள்ளியின் முதல் விதி. பெருநாளுக்கு அவன் அங்கே வரும்போது நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு நாள் கையை ஆட்டினால் ஒரு மாதப் பாடம் போய்விடுமாம்.

எனக்கு ஒரே ஆசைதான். அவன் வாய் திறந்து 'வாப்பா' என்று கூப்பிட வேண்டும்.

உன் தம்பி,
அமானுல்லா

*

பழவேற்காடு
2-8-1966

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். சுகம். மச்சானின் இருமலுக்குக் கஷாயம் வைத்தேன், வடிகட்டவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே குடித்தார்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வானாமே? சரி, உன் மச்சானின் உதடு எங்கே இருக்கிறது என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது, மீசை மூடியிருக்கிறது. பள்ளிவாசல் மோதினாருக்குப் பல்லில்லை. வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிறவள் முத்தம்மா. இவர்களிடமெல்லாம் பிள்ளை எந்த உதட்டைப் பார்ப்பான்? கண்ணாடி முன்னால் நின்று நானே சொல்லிப் பார்த்தேன். 'படம்' என்றாலும் 'மடம்' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகிறது.

உன் துளசிராமன் சாரிடம் ஒன்று கேள். வாய் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்குக் கையை ஏன் பறிக்க வேண்டும்? போன வருஷப் புயலில் கரையேறாத படகைப் பற்றி ஹபீப் என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. காற்று, அலை, கயிறு அறுந்தது, கரையில் நின்று மாரடித்த பெண்கள், எல்லாம் அந்தச் சின்னக் கையில் இருந்தது. முத்தம்மா நின்று பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கடலே கண்ணு முன்னால வந்து நிக்குதே" என்று அழுதுவிட்டாள். அப்படிப் பேசின பிள்ளைக்கு உன் பெட்டி 'பா, பா' என்று சொல்லித் தரப்போகிறது.

எழுதிவிட்டேன், ஆறிவிட்டது. நீ தகப்பன், படித்தவன். ஐந்தாவதோடு நின்றவள் நான். நீ சொன்னபடியே நடக்கிறேன்.

ஆபிதா

*

மணவாள நகர்
20-11-1966

அன்புள்ள அக்கா,

ஸலாம். நலம். மழை விடாமல் பெய்கிறது, ஏரிப்பக்கம் எப்படி?

நல்ல சேதி. ஹபீப் 'பா' என்று சொல்லிவிட்டான். முகத்துக்கு முன்னால் மெழுகுவத்தியைப் பிடித்து, சுடர் ஆடும்படி உதட்டைப் பிரிக்க வைக்கிறார்கள். 'மா'வுக்கு மூக்கில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 'கா'வுக்கு நாக்கை ஒரு மட்டைக்குச்சியால் அழுத்துகிறார்கள். முதலில் குமட்டினான், இப்போது பழகிவிட்டது. பாடம் நடக்கும்போது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும். வீட்டிலும் அப்படியே உட்கார வைத்து நான் ஒரு மணி நேரம் பழக்குகிறேன்.

பள்ளி இருக்கும் தெருவில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் பெண் ஞானம்மாவும் இவனோடு படிக்கிறாள், இவனைப் போலவே காது கேளாதவள். அந்த அம்மா விதியை மதிப்பதே இல்லை. கடை வாசலிலேயே மகளோடு கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். கேட்டால், "அடுப்பாண்ட நின்னுகினு எப்படி சார் உதட்ட காட்றது? பொண்ணு எங்கிட்ட பேசாம இருந்தா எனக்குதான் பேஜாரு" என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் 'பா' வரவில்லை. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே அவனை அழைத்து வந்து விட்டுவிட்டுப் போகிறேன். அக்கா, உன் கையை நம்பித்தான் அனுப்புகிறேன். அவன் எவ்வளவு கெஞ்சினாலும் சாடையில் பதில் சொல்லாதே. உதட்டைப் பார் என்று உதட்டைக் காட்டு.

அமானுல்லா

*

பழவேற்காடு
22-1-1967

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். சுகம். பெருநாள் நல்லபடி முடிந்தது. நீ சொன்னபடி நடந்துகொண்டேன். ஹபீப் உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடு மட்டும் குறைந்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்த விவரம் எழுது.

ஆபிதா

*

மணவாள நகர்
14-3-1969

அன்புள்ள அக்கா,

ஸலாம். நலம். ரொம்ப நாளாக உன் கடிதங்கள் கார்டில் பாதிகூட நிரம்புவதில்லை. கடைவேலையையும் நீயே பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். பெருநாளுக்கு ஹபீப் அங்கே வர மாட்டேன் என்கிறான். படிப்பில் பிடித்தம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பள்ளி ஆண்டு விழாவில் பெரிய மனிதர்கள் முன்னால் இவனைத்தான் மேடையேற்றினார்கள். "என் பெயர் ஹபிபுல்லா. என் ஊர் திருவள்ளூர். வணக்கம்" என்றான். கைதட்டல் அடங்கவில்லை. கைதட்டல் அவனுக்குக் கேட்காது, ஆனாலும் எல்லோரும் கைகளை ஆட்டுவதையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் 'வாப்பா, சோறு', 'வாப்பா, பள்ளி' என்கிறான். என் ஆசை நிறைவேறிவிட்டது. இயந்திரத்தில் ஒரு வால்வு போய் மாசக்கணக்கில் சும்மா கிடந்தது, அப்போதும் இவன் மட்டும் பின்தங்கவில்லை என்றார் துளசிராமன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கிணற்றடியில் பையன்கள் ஒளிந்துகொண்டு கையால் பேசுகிறார்கள் என்று பிடித்துவிட்டார்கள். அதில் இவன்தான் தலைவன். எனக்குச் சொல்லியனுப்பினார்கள். அன்று சாயங்காலம் துண்டால் அவன் கைகளைக் கட்டிச் சாப்பாடுவரை உட்கார வைத்தேன். அழவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பாதியில் விட்டால் இரண்டும் கெட்டுப்போகும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அமானுல்லா

*

மணவாள நகர்
9-8-1969

அன்புள்ள அக்கா,

ஸலாம். மார்ச்சில் எழுதியதற்கும் பதில் இல்லை, மே மாதம் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. மச்சானுக்கு உடம்பு சரியில்லையா? என் மேல் கோபம் என்றால் திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அமானுல்லா

*

பழவேற்காடு
30-11-1969

தம்பி அமானுல்லாவுக்கு,

ஸலாம். மச்சான் சுகம். நானும் இருக்கிறேன்.

துண்டால் கட்டினாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எத்தனையோ கடிதம் எழுதிக் கிழித்தேன். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நீ துண்டால் கட்டினாய், நான் துண்டில்லாமல் கட்டினேன்.

அந்தப் பெருநாளில் நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. நீ அவனை வாசலில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாய். உன் தலை மறைந்ததும் அவன் கை திறந்துகொண்டது. பெட்டி, ஒயர், இடிச்சத்தம், நாக்கைக் குத்துகிற குச்சி, ஓட்டு மேல் குரங்கு, நீ கருக்கிய சோறு, அத்தனையையும் மூச்சு விடாமல் சொன்னான். ஆறு மாதப் பேச்சு சேர்ந்துபோயிருந்தது. நான் கைகளைத் துப்பட்டிக்குள் சுருட்டிக்கொண்டு, "உதட்டைப் பார், உதட்டைப் பார்" என்று வாயை அசைத்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரும்பவும் முதலிலிருந்து மெதுவாகச் சொன்னான். அப்புறம் என் துப்பட்டியை விலக்கி உள்ளே பார்த்தான். என் கைக்கு ஏதோ அடிபட்டுவிட்டது என்று எண்ணிவிட்டான், தம்பி. விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தான். கை நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அவன் முகம் மாறியது.

என்னவோ தப்புச் செய்துவிட்டோம், குப்பிக்குக் கோபம் என்று முடிவு கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு என்னைச் சமாதானம் செய்யப் பார்த்தான். சொல்லாமலே தண்ணீர் தூக்கினான். தனக்கு வைத்த கறியை என் தட்டில் போட்டான். அதற்கும் நான் உதட்டைத்தான் காட்டினேன். பெருநாளன்று புதுச்சட்டையோடு மூலையில் போய் உட்கார்ந்தவன், நீ வரும்வரை கையை அசைக்கவே இல்லை. 'நீ சொன்னபடி நடந்துகொண்டேன்' என்று உனக்கு எழுதினேனே, அது இதுதான்.

அவன் இங்கே வர மாட்டேன் என்கிறான் என்று எழுதினாயே. படிப்பில் பிடித்தம் வந்ததாலா?

நான் கற்றவள் இல்லை என்ற பயத்தில், எனக்குத் தெரிந்த ஒன்றையும் தெரியாதது போல நடித்துவிட்டேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

ஆபிதா

*

மணவாள நகர்
6-6-1975

அன்புள்ள அக்கா,

ஸலாம். நலம். மச்சான் கடைக்கு மறுபடி போகிறார் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷம்.

ஆறு வருஷத்துக்கு முன் நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றாய். நானும் பெருநாள் கார்டுகளோடு நிறுத்திக்கொண்டேன். நீ சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டால், அவ்வளவு வருஷத்தை என்ன செய்வது? அதனால் அதே வழியில் இன்னும் வேகமாக அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

ஹபீபுக்குப் படிப்பு முடிந்துவிட்டது. பேச்சில் இவனை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆளில்லை. நான் சொல்வது அவனுக்குப் புரிகிறது, அவன் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு மட்டும்தான் புரிகிறது. போன வாரம் மளிகைக் கடையில் துவரம்பருப்பு கேட்டான். கடைக்காரர் "இன்னாபா சொல்றான் உன் பையன்?" என்று என்னைப் பார்த்தார். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவமானத்தில் வெளியே போய் நின்றுகொண்டான்.

டீக்கடை ஞானம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன் இல்லையா? அவளுக்குப் பேச்சு இவனில் பாதிகூட வரவில்லை. ஆனால் தினத்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறாள். படித்துவிட்டு அம்மாவிடம் கையால் கேள்வி கேட்கிறாள். ஏன், எப்படி, யார் சொன்னது என்று விடாமல் கேட்கிறாள். ஹபீபுக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்விகூட இல்லை. சோறு, சட்டை, காசு, பஸ் என்று வேண்டியதைச் சொல்வான். ஒரு பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் அழகாக உரக்க வாசிப்பான். என்ன புரிந்தது என்று கேட்டால் மறுபடி வாசிப்பான். பேச்சை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். பேசுவதற்கு உள்ளே எதுவும் சேர விடவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்துக்கொள் என்று உனக்கு எழுதினேன். இப்போது நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். துளசிராமனிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். "எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சார் நான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் தொழிற்பேட்டை வந்திருக்கிறது. தகரத்தை அழுத்தி டிரம் செய்யும் ஒரு கம்பெனியில் அவனைச் சேர்த்திருக்கிறேன். புதுவாயலில் தங்க ஓர் அறை பார்த்துக் கொடுத்தேன். உனக்குப் பக்கம்தான். ஒரு தடவை போய்ப் பார்.

உன் தம்பி,
அமானுல்லா

*

பழவேற்காடு
17-2-1976

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். சுகம். மச்சான் இப்போது மீசையை எடுத்துவிட்டார், உதடு ஒன்றும் அவ்வளவு விசேஷமில்லை.

ஹபீபைப் போய்ப் பார்த்தேன். போக எட்டு மாதம் ஆயிற்று. பஸ்தான் இருக்கிறது, கால்தான் எழவில்லை. புதுவாயலில் இறங்கி விசாரித்து, அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்கே போனேன். உள்ளே என்ன சத்தம்! மெஷின் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் நெஞ்சு எகிறுகிறது. அங்கே யாரும் வாயால் பேசுவதே இல்லை, தம்பி. காது நன்றாகக் கேட்கிற ஆண்பிள்ளைகள் எல்லாம் கையை ஆட்டித்தான் பேசுகிறார்கள். தூக்கு, நிறுத்து, தள்ளு, சாப்பாட்டுக்கு வா, மேஸ்திரி வருகிறான், எல்லாவற்றுக்கும் கைதான். நடுவில் நம் ஹபீப். அவன் கையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

மேஸ்திரி குப்புராஜ் எனக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். "உங்க பையனாமா? இவன் இருக்கிற லைன்ல ஒருத்தனுக்கும் விரல் போனதில்ல. தூரத்துலர்ந்தே கைய காட்டி நிறுத்திப்புடுவான். இங்க காது கேக்கிறவன்தாம்மா செவுடு" என்றார். கேட்கக் கேட்க என் கண் நிறைந்துவிட்டது.

சாப்பாட்டு மணியடித்ததும் அவனை வெளியே அனுப்பினார்கள். என்னைப் பார்த்ததும் நின்றான். நான் துப்பட்டியிலிருந்து கைகளை எடுத்தேன். இத்தனை வருஷம் கழித்து, பால் வேண்டுமா, பூநாரை வந்திருக்கிறது, முத்தம்மா உன்னைக் கேட்டாள் என்று எனக்கு நினைவிருந்ததையெல்லாம் காட்டினேன். நடுரோட்டில் ஒற்றைக் காலில் நின்றேன், தம்பி, இந்த வயதில்.

அவன் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, என் உதட்டைப் பார்த்தான். "சொல்லுங்க குப்பி" என்றான்.

நமக்கு முன்னால் கை ஆடக்கூடாது என்று நன்றாகப் படித்துவிட்டான். நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். சுகமா என்று கேட்டேன், சுகம் என்றான். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிடப் போகிறேன் என்றான். கொண்டுபோன இறால் வறுவலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது, வேலியோரம் இருந்த கூட்டாளிகளுக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டிக் கையால் என்னவோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல விதமாகத்தான் ஏதோ சொல்லியிருப்பான். ஆனால் அந்தச் சாடையில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்ததில்லை. எல்லாம் புதுசு.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. என் மேலும் இருந்த கோபம் தீர்ந்து, வருத்தம் மட்டும் மிச்சமிருக்கிறது.

ஆபிதா

*

மணவாள நகர்
20-9-1977

அன்புள்ள அக்கா,

ஸலாம். பெருநாள் வாழ்த்து. நாங்கள் சுகம். உன் முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்புகிறேன், மச்சானைத் தேய்த்துவிடச் சொல்.

ஹபீப் பெருநாளுக்கு வந்திருந்தான். தனியாக வரவில்லை, கூட ஒரு கூட்டாளி. தேசிகன் என்று பெயர், திருவள்ளூர்க் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பையன். அவனுக்கும் காது கேட்காது, அவனுக்குப் பிறவியிலிருந்தே. ஹபீபோடு அதே மெஷினில் வேலை. பிரியாணி வாடையில் அவன் என்ன செய்வானோ என்று நான் தவித்தேன். ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு சேமியா பாயசத்தை மட்டும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். நான் ஈஸிசேரில் பேப்பர் படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, நம் ஹபீப் வேடிக்கைக்காரன். இது எனக்குத் தெரியாது. யாரையோ நடித்துக் காட்டுகிறான், தொந்தியைத் தள்ளுகிறான், புருவத்தை உயர்த்துகிறான், நடுவில் நிறுத்தி மற்றவனைக் காக்க வைக்கிறான், பிறகு ஒரே வீச்சில் முடிக்கிறான். தேசிகன் பாய்மேல் உருண்டு சிரிக்கிறான். அதற்கு அவன் ஏதோ மறுத்துச் சொல்ல, இவன் விடாமல் வாதம் செய்கிறான். கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை என்று உனக்கு எழுதினேனே, அந்தப் பிள்ளை இல்லை இது. ஒன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வளர்த்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனைப் பார்த்தேன்.

நீ எனக்கு ஒரு தடவை சாடைகளை எழுதி அனுப்பியிருந்தாய். அன்றே கற்றுக்கொண்டிருந்தால் நானும் அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பேன். இப்போது கற்றுக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன். யாரிடம் என்றுதான் தெரியவில்லை. உனக்கே அது வேறு பாஷை ஆகிவிட்டது என்றாய்.

அவர்கள் சிரிக்கச் சிரிக்க நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே. பிறகு தாங்க முடியவில்லை. எழுந்து போய் ஹபீபின் தோளைத் தொட்டேன். உடனே திரும்பினான். கைகள் இரண்டும் பின்னால் போய்விட்டன. என் உதட்டைப் பார்த்தான்.

"இன்னாப்பா அப்படி சிரிப்பு? எனக்கும் சொல்லேன்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தான். வாயைத் திறந்தான், தேசிகனைப் பார்த்தான், ஓர் ஆரம்பம் தேடினான். வாயால் சொன்னால் அது எவ்வளவு நேரம் பிடிக்கும், எனக்கு எவ்வளவு புரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பெருநாள் சாப்பாட்டில் நாமெல்லாம் சிரிக்கும்போது அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன, என்ன என்று முகத்தால் கேட்டிருக்கிறான்! அப்போது நான் அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் எனக்குச் சொன்னான். நான் சொன்னது போலவே அன்பாக, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு சொன்னான்.

"ஒண்ணும் இல்ல, வாப்பா."

உச்சரிப்பில் ஒரு குறை இல்லை, அக்கா.

உன் தம்பி,
அமானுல்லா